எனக்கு வாய்த்த கோச்

படிக்கிறாயா என்றா கேட்டீர்கள், அத்தை? படித்து முடித்துவிட்டேன். டிகிரி எல்லாம் இல்லை. பதினெட்டு வயதில் டிகிரி முடிக்க நான் என்ன அதிசயப் பிறவியா? பிளஸ் ஒன்னில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஐயோ, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் கஷ்டம் ஒன்றும் கிடையாது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா மாவு அரைத்து விற்கிறாள், மூன்று வேளையும் சோறு இருக்கிறது. எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, விட்டேன். பிடிக்காததைப் பிடித்த மாதிரி நடிக்க எனக்கு வராது. என் பெயர் பிரம்மசக்தி. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு பேச்சின் நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

சேர்மாதேவியில் இறங்கணும். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் நாலு வார்த்தை கேட்கணும். எதற்கு என்று கேட்டால் முதலிலிருந்து சொல்லணும். இந்த பஸ் டிரைவர் ஓட்டுகிற அழகுக்கு நேரம் நிறைய இருக்கிறது. கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டேனா, ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் எனக்கு வாய் நீளுமாம், அம்மா சொல்வாள். அவள்தான் அம்பையில் சமுதாயக் கல்லூரி இருக்கிறது என்று கேள்விப்பட்டு இழுத்துக்கொண்டு போனாள். பாதியில் விட்டவர்கள், பத்தாவதோடு நின்றவர்கள், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு மறுபடி படிக்க வருகிறவர்கள், எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. நான் சேர்ந்தது நோயாளிப் பராமரிப்பு டிப்ளமோ. காய்ச்சல் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, இதெல்லாம். ஒரு வருஷப் படிப்பு. காலை வகுப்பு ஒன்று, மாலை வகுப்பு ஒன்று. நான் காலை.

பாதி வருஷத்தில் ஹெப்சிபா மிஸ் புதுசாக ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஹெப்சிபா மிஸ்தான் எங்களுக்கு எல்லாம். நல்லவர். ஆனால் எங்கேயாவது ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாரென்றால் எங்கள் பாடு அவ்வளவுதான். போன தடவை மதுரைக்குப் போய்விட்டு வந்தார், எங்களை எல்லாம் காலையில் கண்ணை மூடி உட்காரச் சொன்னார், பாதிப் பேர் தூங்கிவிட்டோம். இந்தத் தடவை வந்து, "உங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோச்" என்றார்.

"கிரிக்கெட்டுக்கா மிஸ்?" என்று கேட்டேன்.

"படிப்புக்குத்தான் பிரம்மு. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து உன்கூட உக்காருவாங்க. ஆனா பாடம் நடத்தமாட்டாங்க. கேள்விதான் கேப்பாங்க. பதில் உனக்குள்ளயே இருக்கு."

"எனக்குள்ள பதில் இருந்தா நான் ஏன் மிஸ் பிளஸ் ஒன்ல நின்னேன்?"

மிஸ் சிரித்தார். கோச்சுகள் எல்லாம் பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜில் எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்கிறவர்கள். யார் கழுத்திலும் அடையாள அட்டை கிடையாது. கோச் யார், படிக்கிற பிள்ளை யார் என்று பார்த்தவுடன் தெரியக் கூடாதாம், அப்போதுதான் கூச்சம் போகுமாம். அதுதான் இந்தத் திட்டத்தின் அழகு என்று மிஸ் ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னார். அந்த அழகு எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

முதல் சனிக்கிழமை. நூலகத்தில் மேசை போட்டிருந்தார்கள். கோச் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார், நீங்கள் போய் எதிரில் உட்காருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். என் மேசையில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சேலை, கண்ணாடி, மடியில் கைப்பை. சரி, இதுதான் நம் கோச் என்று உட்கார்ந்தேன். அவர் பேசவில்லை. நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்குப் பொறுமை கிடையாது அத்தை. "சொல்லுங்க, எங்க ஆரம்பிக்கலாம்?" என்றேன்.

அவர் திடுக்கிட்டு, "நீங்க எங்க சொல்லுதீங்களோ அங்க" என்றார்.

எனக்குச் சஸ்பென்ஸ் வைத்துப் பேசத் தெரியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் கோச்சே இல்லை. அவரும் என்னை மாதிரி படிக்க வந்தவர், மாலை வகுப்பு. பெயர் சந்தனமாரி. சேர்மாதேவி ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி துவைக்கிற இடத்தில் வேலை. போன வருஷமே இந்த டிப்ளமோவை எழுதி, வாய்மொழித் தேர்வில் ஃபெயில். பதில் தெரியாமல் இல்லை. விஷயம் தெரிந்தவர் யாராவது எதிரில் உட்கார்ந்து கேட்டால் அவருக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தடவையும் ஃபெயிலானால் மூன்றாவது தடவை எழுத விடமாட்டார்கள். பாஸானால் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் காலத்துக்கும் அந்தத் துணி மூட்டைதான். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

எங்கள் இரண்டு பேருக்கும் வர வேண்டிய கோச்சுகள் இருக்கிறார்களே, ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இன்னொருத்திக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. வரமுடியாது என்று வாட்ஸப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ படமாக வந்து விழுந்து அந்தச் செய்தியை மூடிவிட்டது. மிஸ் பார்க்கவே இல்லை. என் கோச்சுக்குப் போட்ட நாற்காலி காலியாகக் கிடக்க, அக்கா மேசை மாறி வந்து அதில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். கோச் என்றால் பதில் சொல்லமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். இவரும் பதில் சொல்லவில்லை. நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

"நாடி எங்க பிடிச்சுப் பாக்கணும்?" என்று கேட்பேன். அவர் மேசையையே பார்த்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்களேன்" என்பார். ஆகா, இதுதான் அந்தப் பயிற்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். தெரியாததை எல்லாம் சொல்வேன். தப்பாகச் சொன்னால் நெற்றியைச் சுருக்குவார். அது ஒன்றுதான் அவரிடமிருந்து வரும்.

இன்னொன்று சொல்லணும். ஜென்மத்தில் என்னை 'நீங்க, வாங்க' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். கோச்சுகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். வாரா வாரம் அவித்த நிலக்கடலை வேறு கொண்டுவருவார். திட்டத்தில் தருவது என்று நினைத்து முழுசையும் நானே தின்றேன். அவர் ஒரு கடலை எடுக்கவில்லை. கேட்டால், "நீங்க சாப்புடுங்க, உங்களுக்குத்தான்" என்பார். கவர்மெண்டு கடலைக்கு இவ்வளவு ருசியா என்று நினைத்தேன்.

நாலைந்து வாரத்தில் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்கக்கூடத் தெரியவில்லை. எம்.ஏ. படித்து என்ன பிரயோஜனம்? ஹெப்சிபா மிஸ்ஸிடம் போய்ச் சொல்லி வேறு கோச் கேட்கலாம் என்று எழுந்தேன். எழுந்தேனா, அப்புறம் தோன்றியது, இவருக்கு இதற்கு ஏதோ கொஞ்சம் சம்பளம் தருவார்களாக இருக்கும், நான் சொல்லி அது போய்விட்டால்? சேலையை எவ்வளவு சிரத்தையாக இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறார். போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். மிஸ் வந்து, "கோச் எப்படி பிரம்மு?" என்று கேட்டபோது, "சூப்பர் மிஸ்" என்றேன். பொய்தான். எப்போதாவது சொல்வேன்.

ஆனால் ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்றால் நான்தானே தெரிந்துகொண்டு போகணும்? வெள்ளிக்கிழமை வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாவின் கையைப் பிடித்து நாடி எண்ணினேன். "சும்மா இரி புள்ள, மனுசன் சாப்புடணும்" என்று கத்துவார். நான் படிப்பதைப் பார்த்து அம்மா, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சுடலை சாமிக்கு நேர்ந்துகொண்டாள். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள், நான் ஒன்றும் படிப்பில் ஆசை வந்து படிக்கவில்லை. அந்த அக்காவுக்காகப் படித்தேன்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை பிரஷர் பாடம். மேல் அளவு, கீழ் அளவு என்று இரண்டு எண் வருமே, அது எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. "எனக்கு நெசமாவே தெரியல. மேல என்ன, கீழ என்ன, யாருக்கு வேணும் இது?" என்று புத்தகத்தைத் தள்ளிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "மோட்டார் போட்டா ஹோஸ் குழாய் விம்மும்ல?" என்றார்.

"விம்மும்."

"நிறுத்துனா தளரும். ஆனா தண்ணி உள்ளதான் நிக்கும். நெஞ்சு அமுக்கும்போது குழாய் விம்முற அழுத்தம்தான் மேல் அளவு. நெஞ்சு ஓயும்போது உள்ள நிக்கிறது கீழ் அளவு. எப்பவும் தளராம விம்மிக்கிட்டே இருந்தா குழாய் என்ன ஆவும்?"

"வெடிச்சிரும்."

"அதாம் பிரஷர்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. நான் கை தட்டிவிட்டேன். நூலகர் முறைத்தார். அன்றிலிருந்து அக்கா வாய் திறந்தது. நான் தெரியவில்லை என்று சொன்னால் போதும், கொட்டுவார். சர்க்கரை, வலிப்பு, படுக்கைப்புண். சில நேரம் நான் தெரிந்ததையும் தெரியாது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதைப் பார்க்க நன்றாக இருக்கும். கோச்சுக்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டும் இல்லையா?

தேர்வுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒத்திகைத் தேர்வு வைத்தார்கள். கோச்சுகள் எல்லாம் இடது பக்கம் நில்லுங்கள், தேர்வு எழுதுகிறவர்கள் வலது பக்கம் வரிசையில் வாருங்கள் என்றார் மிஸ். நான் வலது பக்கம் போய் நின்றேன். எனக்கு முன்னால் அக்கா நிற்கிறார்.

"அக்கா, நீங்க அந்தப் பக்கம்" என்றேன்.

"இல்லங்க, நீங்கதான் அந்தப் பக்கம்" என்றார்.

"கோச்சுங்க அந்தப் பக்கம் அக்கா."

"அதாங்க சொல்லுதேன். நீங்க போயி நில்லுங்க. நான் பரிச்ச எழுதணும்லா."

"நீங்க எதுக்குப் பரிச்ச எழுதணும்?"

"நீங்க எதுக்கு வரிசையில நிக்கீங்க?"

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். வரிசையில் பின்னால் இருந்த ஒருத்தி, "யாராவது ஒருத்தர் நகருங்களேன்" என்று கத்தினாள். ஒருத்தரும் நகரவில்லை. அப்புறம் எனக்கு உறைத்தது. அந்த 'நீங்க, வாங்க', அந்தக் கடலை. அந்த மனுஷி இத்தனை நாளும் என்னைத்தான் கோச் என்று நினைத்திருக்கிறார்! முதல் நாள் நான் வந்து உட்கார்ந்தவுடன் கேள்வி கேட்டேனா, கேள்வி கேட்பவர்தான் கோச் என்று மிஸ் சொல்லியிருந்தாரா, அவ்வளவுதான், முடிவு பண்ணிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஹெப்சிபா மிஸ் ஓடிவந்தார், விஷயம் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "மூணு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் கோச்சே இல்லையா? ஏசப்பா!" என்றார். வரிசையில் சிரிக்காத ஒரே ஆள் அக்காதான். முகம் வெளிறிப்போய் நின்றார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நாம படிச்சது எல்லாம்?" என்று கேட்டார். "தெரியாத ரெண்டு பேரு சேந்து படிச்சிருக்கோம். எல்லாம் தப்பாத்தான் இருக்கும்."

அன்றைக்கு ஒத்திகைக்குள் போகாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

மிஸ் பாவம், அன்றைக்கே ஓடி ஆடி ஒரு நிஜ கோச்சைப் பிடித்தார். நவநீதன் என்று பெயர். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. எங்கள் இரண்டு பேரோடும் தினமும் உட்கார அவர் ஒருத்தர். குறை சொல்லக் கூடாது, நல்ல ஆள். என்னிடம் எல்லாப் பாடத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாதான படிச்சிருக்கீங்க. யாரு உங்க கோச்?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள்.

மிஸ் கெஞ்சிக் கூட்டிவந்த அக்காவை எதிரில் உட்கார வைத்து அவர் மரியாதையாகத்தான் கேட்டார், "சந்தனமாரி அக்கா, இதப்பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று. அக்கா மேசையைப் பார்த்தார். நவநீதன் பொறுமையாகக் காத்திருந்தார். அக்கா மேசையையே பார்த்தார். நான் குறுக்கே போய், "அக்கா, சொல்லுங்க, ஹோஸ் குழாய்!" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை.

மிஸ், "அவங்களுக்குக் கொஞ்சம் நேரம் குடுப்போம்" என்றார். தேர்வு அடுத்த வாரம், நேரம் கொடுக்கிறாராம். நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை. உள்ளே போனால் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பு. ரத்தம், மருந்து, பினாயில் எல்லாம் கலந்த ஒரு நாற்றம். அக்கா கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரி சேலை இல்லை, பழைய நைட்டி, மேலே ஒரு ரப்பர் துணி. என்னைப் பார்த்ததும், "ஏட்டி, இங்க எதுக்கு வந்த?" என்றார். 'நீங்க' போய்விட்டது, கவனித்தீர்களா?

"ஏன் வரல?" என்றேன்.

"வந்து? அந்தத் தம்பி முன்னால ஊமை மாரி உக்காரவா?"

"என் முன்னால மட்டும் அருவி மாரி பேசினீங்க?"

அக்கா விரிப்பை உதறிக்கொண்டே சொன்னார், "உன்னயப் பாக்கப் பாவமா இருந்துச்சு."

"யார? என்னயவா?"

"ஆமா. கோச்சுன்னு அனுப்பியிருக்காவ, இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியலயே, கண்டுபிடிச்சா வேலய விட்டுத் தூக்கிருவாவளேன்னு இருந்துச்சு. உனக்காகத்தாம்டி வீட்டுல போயி படிச்சேன். மிஸ்ஸு கேட்டப்ப எல்லாம் கோச்சு நல்லா சொல்லிக்குடுக்காவன்னு புளுவுனேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மூட்டையை உதைத்தேன். என்னைப் பார்த்து ஒருத்தர் பாவப்படுவதா? நான் ஒன்றும் அப்படி இல்லை. அவர்மேல் நான் பாவப்பட்டேன் என்பது வேறு விஷயம், அதற்குக் காரணம் இருந்தது.

"பரிச்சைக்கு வாரீயளா மாட்டீயளா?"

"மாட்டேன். ஒரு தடவ அவமானப்பட்டது போதும். இந்தத் துணிக்கு நான் பதில் சொல்ல வேண்டாம்."

கெஞ்ச எனக்கு வராது. அதட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில் ஒன்று சொன்னேன். எங்கள் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு, அத்தை. செய்முறையும் வாய்மொழியும் ஒன்றாகத்தான் நடக்கும், அதற்கு ஒவ்வொருத்தரும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகணும், நோயாளியாகப் படுக்க. "எனக்கு ஆள் இல்ல. அப்பா வரமாட்டாரு, அம்மாவ மல்லாக்கப் படுக்க வச்சா தூங்கிருவா. நீங்க பரிச்ச எழுத வேண்டாம். எனக்கு பேஷன்ட்டா வந்து படுங்க, போதும்."

"படுக்க மட்டுந்தான?"

"படுக்க மட்டுந்தான்."

தேர்வு அன்றைக்கு வந்தார். இஸ்திரி சேலை, கண்ணாடி, கைப்பை. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நர்ஸ்களை எல்லாம் மேய்த்து ஓய்வு பெற்ற மேட்ரன். ஊருக்கே ஊசி போட்ட மாதிரி ஒரு பார்வை. வரிசையில் முதலில் கூப்பிட்ட பெயரே சந்தனமாரி. நான் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "நான் பேஷன்ட்டுடீ" என்றார். "ஹால் டிக்கெட் இருக்கா?" என்று வாசலில் கேட்டார்கள். அக்கா கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வரமாட்டேன் என்று சொன்னவர் கைப்பையில் ஹால் டிக்கெட் எதற்கு வந்தது என்று எனக்கு இன்றைக்கு வரை விளங்கவில்லை. மறந்து வைத்திருப்பார்.

அவருக்கு ஆள் இல்லையே, நான் போய்க் கட்டிலில் படுத்தேன்.

மேட்ரன் கேட்டார், "இவங்களுக்கு பிரஷர் பாக்கணும். பாக்குறதுக்கு முன்னால நோயாளிகிட்ட என்ன சொல்லணும்?"

அக்கா பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உதடு ஒட்டிவிட்டது. எனக்கு அங்கே படுத்திருந்தே தெரிகிறது, கண் கீழே போகிறது. மேட்ரன் பேனாவை எடுத்தார். ஹெப்சிபா மிஸ் ஜன்னல் பக்கம் நின்று வாய்க்குள் ஜெபம். அக்கா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பயத்தில் அடித்தார் பாருங்கள், எனக்கு எலும்பு வரை இறுகிவிட்டது.

"யம்மா! வலிக்கிக்கா!" என்றேன். ஆரம்பித்தால் எனக்கு நிற்காதே. "எதுக்கு இப்பிடி இறுக்குதீய? கை உங்களுக்கா எனக்கா? கரண்டு பில் கட்டாதவன் வீட்டு பீஸைப் புடுங்குன மாரி ரத்தத்த நிறுத்திட்டீயளே. எப்ப விடுவீய? இந்த மீட்டர் முள்ளு எதுக்கு ஆடுது? எனக்கு பிரஷரே கெடையாது, எங்கம்மாவுக்குத்தான்..."

"வாய மூடுட்டி!" என்றார் அக்கா.

அறையே கேட்கிற மாதிரி. எனக்கே திக்கென்றது.

"பேசப்படாது. பிரஷர் பாக்கும்போது பேசுனா அளவு கூடுதலாக் காட்டும். இல்லாத வியாதிக்கு மாத்திர குடுத்துருவாவ. கால நேரா வையி, குறுக்கப் போடாத. கைய தளர விடு, நெஞ்சுக்கு நேரா இருக்கணும். மூச்ச சாதாரணமா விடு. கொஞ்சம் இறுகும், வலிக்க மாரி இருக்கும், உடனே விட்டுருவேன். பயப்படாத."

மேட்ரன் பேனாவைக் கீழே வைத்தார். "அளவு ஏன் கூடும்?" என்று கேட்டார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். குழாய், மோட்டார், மேல், கீழ், எல்லாம். மேட்ரன் கேட்கக் கேட்க எனக்கே பதில். நான் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் ஹெப்சிபா மிஸ் தயங்கிக்கொண்டே, "மேடம், பேஷன்ட் நடுவுல பேசிட்டா. அதுக்கு மார்க் ஏதும்..." என்றார்.

"பேசாத பேஷன்ட்ட நான் எந்த வார்டுலயும் பாத்ததில்ல" என்றார் மேட்ரன். "அடக்கத் தெரியணும். இவங்களுக்குத் தெரியுது."

நான் வேண்டுமென்றேதான் பேசினேன் என்று ஹெப்சிபா மிஸ் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார். பிரம்மசக்திக்குள் ஒரு பிறவிக் கோச் இருக்கிறாள் என்கிறார். சத்தியமாக இல்லை அத்தை. கை வலித்தது, கத்தினேன். அவ்வளவுதான்.

நானும் பாஸ். அக்கா படுத்தார், நான் பார்த்தேன். செய்முறை முழு மார்க். ஆனால் 'நோயாளியிடம் கனிவு' என்று ஒன்று உண்டு, அதில் மேட்ரன் முட்டை போட்டுவிட்டார். "ஆடாம கெடங்க, எத்தன தடவ சொல்றது" என்று சொன்னது ஒரு குற்றமா? அக்கா என்னைவிடக் கூடுதல் மார்க். இருக்கட்டும்.

அக்காவை வார்டில் எடுத்துக்கொண்டார்கள். நீலச் சட்டை, பெயர் பொறித்த பட்டை. அடுத்த குழுவுக்கு நீ கோச்சாக வா என்று மிஸ் என்னைக் கூப்பிட்டார். எனக்கு வேறு வேலை இல்லையா என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மட்டும் போகிறேன், அதுவும் சும்மா. எதிரில் ஒரு பையன் உட்கார்கிறான், வாயைத் திறக்கமாட்டான், எனக்கு அவனைப் பார்த்தால் எரிச்சலாக வரும். அதனால் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது ஹெட் நர்ஸ் விஷயம். நேற்று அக்கா போன் பண்ணினார். வார்டில் அக்கா பேசுகிற பேச்சு தாங்கவில்லையாம். ஒவ்வொரு படுக்கையாகப் போய், இது எதுக்கு, அது எதுக்கு என்று நோயாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாராம். ஹெட் நர்ஸ் கூப்பிட்டு, "சந்தனமாரி, கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கோ" என்றாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைக் குறைக்கணுமா? அந்த வாய் திறந்த கதை அந்த அம்மாவுக்குத் தெரியுமா?

என்ன? அக்கா அழுதாரா என்றா கேட்கிறீர்கள்? இல்லையே, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பதில் ஏதும் சொன்னாரா என்றால், சொல்லியிருக்கிறார். "எதுக்கு ஊசின்னு தெரிஞ்சா நோயாளி கைய இழுக்கமாட்டாவ சிஸ்டர், உங்களுக்குத்தான் வேல கொறையும்" என்று அங்கேயே சொன்னாராம். ஹெட் நர்ஸ் முகம் போன போக்கை இன்னும் நிறையச் சொன்னார், சேர்மாதேவியில் டவர் சரியில்லை, பாதி விழுங்கிவிட்டது.

என்னை வரச் சொன்னாரா என்றால், இல்லை. வராதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அப்புறம் எதற்குப் போகிறாய் என்றா?

எதற்கா... நீங்கள் இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? ஹெட் நர்ஸைப் பார்க்கத்தான் கிளம்பினேன். ஆனால் அந்த மீதிப் பாதியைக் கேட்கணும் அத்தை. ஹெட் நர்ஸ் என்ன சொன்னாள், அதற்கு அக்கா என்ன சொன்னார், பிறகு அவள் என்ன சொன்னாள், அதற்கு இவர் என்ன சொன்னார், எல்லாம். ஹெட் நர்ஸ் கிடக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் அக்காவோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுசையும் கேட்கப் போகிறேன்.

சிரிக்கிறீர்களா? முன்னாலேயே சொன்னேன், நடுவில் சிரித்தால் கோபம் வரும் என்று. காலைக் கொஞ்சம் மடக்குங்கள். நம்ம டிரைவர் நிறுத்தமாட்டான், நான்தான் கத்தணும். அண்ணே, சேர்மாதேவி!